பன்னிரண்டில் ஒரு பங்கு ஸ்பிரிங்

ஒட்டிச் சேர்க்கும் 1:12 அளவு மோட்டார் சைக்கிள் மாடல் கிட் ஒன்றைப் பிரித்தால், பிளாஸ்டிக் பாகங்களுக்கு நடுவே ஒரு குட்டிக் கவரில் மூன்று நான்கு ஸ்பிரிங் கிடக்கும். முன் சக்கரத்தை இரு பக்கமும் பிடிக்கும் ஃபோர்க்குக்கு இரண்டு, பின் ஷாக் அப்சார்பருக்கு ஒன்றோ இரண்டோ. ஜப்பானின் மாடல் நிறுவனமான டாமியா இந்த அளவில் வெளியிட்ட பைக்குகள் பலவற்றில், ஹேண்டில்பாரை அழுத்தினால் முன்பக்கம் நிஜமாகவே இறங்கி ஏறும். ஸ்பிரிங்கைத் தனியே விரலில் வைத்து அழுத்தினால் மட்டும் சின்ன ஏமாற்றம். கம்பி மெல்லிசு, தொட்டாலே அமுங்குகிறது. நிஜ வண்டி ஸ்பிரிங்கை அப்படியே 12 பங்கு சுருக்கிப் போட்டால் என்ன?

போட்டால் அசையாது. நீளம் 12-இல் ஒரு பங்கானால் எடை 12×12×12, அதாவது 1,728-இல் ஒரு பங்காகிவிடும். 200 கிலோ பைக்கை அதே உலோகத்தில் செய்தாலும் 116 கிராம்தான். ஸ்பிரிங்கின் விறைப்போ 12-இல் ஒரு பங்காக மட்டுமே குறையும். நிஜ வண்டி தன் எடையில் 3 செ.மீ. அமுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மாடல் 2.5 மி.மீ. அமுங்கினால்தான் பொருத்தம், சுருக்கிய ஸ்பிரிங் தருவது 0.2 மி.மீ. பிளாஸ்டிக் இன்னும் லேசு என்பதால் அதுவும் கிடைக்காது.

ஆகவே கம்பியை மெலிதாக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. ஸ்பிரிங்கை அழுத்தும்போது அதன் கம்பி உண்மையில் முறுக்கப்படுகிறது. முறுக்கை எதிர்க்கும் பலம் தடிமனின் நான்காம் அடுக்கில் மாறும். கம்பி பாதி மெலிந்தால் விறைப்பு 16-இல் ஒரு பங்கு. நிஜத்தில் 10 மி.மீ. கம்பி என்றால் அளவுப்படி 0.83 மி.மீ. அதை 0.45 ஆக்கினாலே 12 மடங்கு இளகிவிடும். பார்க்கக் கொஞ்சம் ஒல்லி, அவ்வளவுதான்.

இளகிய ஸ்பிரிங்குக்கு உராய்வுதான் எமன். குழாய்க்குள் குழாய் நழுவும் ஃபோர்க்கில் இடைவெளி முடியளவுதான். இரண்டு கோட் பெயிண்ட் அதை அடைத்துவிடும். நழுவும் பகுதியை டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும். ஃபோர்க்கின் இரு கால்களும் இணையாக இல்லாவிட்டாலும் இறுகிக்கொள்ளும். அதனால் பசை காயும்வரை சக்கர அச்சைச் செருகியே வைத்திருப்பேன்.

பசையிலும் ஒரு வில்லங்கம் உண்டு. தண்ணீர் போன்ற அந்தத் திரவம் கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒன்றாக்குவது; நுண்ணிய இடுக்கு கண்டால் தானாக உள்ளே ஏறும். என் முதல் பைக்கில் தூரிகையை அரை நொடி கூடுதலாக வைத்தேன். ஃபோர்க்கின் இடது கால் மொத்தமாகப் பற்றவைத்த மாதிரி ஆகிவிட்டது.

சரி, எல்லாம் ஒழுங்காக அமைந்தாலும் கையை எடுத்ததும் மாடல் படக்கென்று எம்பும். நிஜ ஃபோர்க்கில் எண்ணெய் அந்தத் துள்ளலை விழுங்கும், இதில் எண்ணெய் கிடையாது. கெட்டியான சிலிகான் கிரீஸ் ஊசிமுனையளவு தடவினால் மெதுவாக, வண்டி மாதிரியே எழும். உராய்வு போல அது பாதியில் நிறுத்தாது. வேகத்தை மட்டும்தான் குறைக்கும்.

அப்புறம், ஸ்பிரிங்கைப் பூட்டும்போது கைகளைக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். இடுக்கியிலிருந்து நழுவினால் அது போகிற வேகத்தில் திசைகூடத் தெரியாது. என்னுடையது ஒன்று மூன்று மாதம் கழித்து மின்விசிறிக் கிண்ணத்தில் கிடைத்தது.