கீரைக்கு மோட்டார் வேண்டாம், காலி இடம் போதும்

தண்ணீரிலேயே கீரை வளர்க்கலாம் என்றால் சேலத்தில் முதலில் வரும் கேள்வி, கரண்ட் போனால் என்ன செய்வது என்பதுதான். நியாயமான கேள்வி. வழக்கமான ஹைட்ரோபோனிக்ஸில், அதாவது மண்ணில்லாமல் வளர்க்கும் முறையில், தண்ணீரைச் சுற்றவிட்டு வேருக்குக் காற்று சேர்ப்பது மோட்டார். கோடை மத்தியானத்தில் அது சில மணி நேரம் நின்றாலே செடி துவண்டுவிடும். ஆனால் மோட்டாரே தேவைப்படாத முறை ஒன்று இருக்கிறது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி வளர்த்தெடுத்தது, அவர் பெயரிலேயே கிராட்கி முறை என்கிறார்கள்.

மூடி போட்ட பக்கெட், மூடியில் ஓட்டை, ஓட்டையில் தென்னை நார்க்கழிவு நிரப்பிய சின்ன வலைக்கூடை, அதில் நாற்று. உரம் கரைத்த தண்ணீர் கூடையின் அடியைத் தொட்டால் சரி.

இனிமேல்தான் விஷயமே. செடி குடிக்கக் குடிக்கத் தண்ணீர் இறங்கும், இறங்கிய இடத்தில் ஈரக்காற்று நிற்கும். சில வாரம் கழித்து மூடியைத் தூக்கிப் பாருங்கள்: மேல் வேர்கள் கிளைகிளையாகப் பிரிந்து பஞ்சு மாதிரி காற்றில் தொங்கும், அடி வேர்கள் நீளமாகத் தண்ணீருக்குள் கிடக்கும். மேலே இருப்பது ஆக்சிஜனை எடுக்கிறது, கீழே இருப்பது நீரையும் சத்தையும் எடுக்கிறது. ஆக்சிஜன் தண்ணீரில் பரவுவதைவிடக் காற்றில் ஏறக்குறைய 10,000 மடங்கு வேகமாகப் பரவும் என்பதால், அந்தக் காலி இடம் மோட்டாரின் வேலையைச் செய்துவிடுகிறது. அதனால் தயவுசெய்து தண்ணீர் குறைந்துவிட்டதே என்று மறுபடி விளிம்புவரை ஊற்றாதீர்கள். காற்றுக்குப் பழகிய வேர் மூழ்கினால் மூச்சு முட்டி, பக்கெட் நிறையத் தண்ணீர் இருக்கும்போதே செடி வாடும். ஊற்றியே ஆகவேண்டும் என்றால் கொஞ்சமாக, மேல் வேர்களை மூடாத அளவுக்கு.

ஏற்காட்டில் இது இன்னும் நன்றாக வரும் என்பதற்குக் காரணம் பலர் நினைப்பது அல்ல. குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும் என்பது உண்மைதான், ஆனால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அந்த லாபத்தில் பெரும்பகுதி அங்கேயே போய்விடுகிறது. 20 டிகிரி ஏற்காட்டுத் தண்ணீரிலும் 30 டிகிரி சேலத்துத் தண்ணீரிலும் லிட்டருக்குச் சுமார் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். வித்தியாசம் வேரில் இருக்கிறது: 10 டிகிரி சூடு ஏறினால் வேரின் சுவாசம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சூட்டில் வேரழுகலும் சீக்கிரம் வரும். ஆகவே சேலத்து மொட்டை மாடியில் பக்கெட்டுக்கு நிழல் கட்டாயம், வெள்ளைப் பெயிண்ட் அடித்தால் இன்னும் நல்லது.

அடுத்தது தண்ணீர். கடினமான போர் தண்ணீர் கரைசலின் பிஎச்சை (புளிப்பு-காரத் தன்மையின் அளவை) ஏற்றிவிடும், அது 5.5 முதல் 6.5க்குள் இல்லாவிட்டால் இரும்புச்சத்து கரைசலில் இருந்தாலும் செடிக்குக் கிடைக்காது, நரம்பு பச்சையாக இருக்க இளம் இலை மட்டும் மஞ்சளடிக்கும். பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

ஓட்டையைச் சுற்றி இடுக்கு விடாதீர்கள், கொசு முட்டையிட அது போதும். வெளிச்சம் புகுந்தால் பாசியும் பிடிக்கும். ஏற்காட்டில் லெட்டூஸ் போடலாம், சேலத்து வெயிலுக்குத் தண்டுக்கீரை தாங்கும்.