ஏற்காடு ஏறும் இன்ஜினுக்கு எத்தனை டிகிரி சரி?

சேலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கிறார், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவை ரீமேப் செய்து, அதாவது அதன் மென்பொருளை மாற்றி, பவரையும் கூட்டியிருக்கிறார். விடுமுறை நாளில் அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரத்திலிருந்து விரட்டிக்கொண்டு ஏற்காடு ஏறினால், பாதி வளைவுகள் முடிவதற்குள், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் 105 டிகிரியைத் தொடுகிறதாம். கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். நண்பர் ஒருவர் 71 டிகிரியில் திறக்கும் 'ரேசிங்' தெர்மோஸ்டாட் வாங்கிப் போடச் சொல்கிறார். மெக்கானிக்கோ, "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்குங்க, கழட்டிப் போட்டுரலாம்" என்கிறார். எது சரி?

இரண்டும் வேண்டாம். ஏன் என்று சொல்ல, அந்தச் சின்ன வால்வுக்குள் இருக்கும் மெழுகு வரை போக வேண்டியிருக்கும். எனக்கு மிகவும் பிடித்த கருவி அது.

முதலில் வெப்பக் கணக்கு. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். 1300 கிலோ எடையுள்ள காரை இந்த 1220 மீட்டர் தூக்க, பள்ளியில் படித்த அதே எம்-ஜி-எச் கணக்குப்படி சுமார் 15.5 மெகாஜூல் வேண்டும். அரை லிட்டர் பெட்ரோலில் இருக்கும் ஆற்றல்தான். ஆனால் இன்ஜின் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது என்று வைத்தால், உயரத்துக்கு மட்டுமே 2 லிட்டர் எரிய வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு வெப்பம் கூலண்டுக்குப் போகிறது. 60 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. காரில் இருக்கும் கூலண்டோ ஆறேழு லிட்டர். எவ்வளவு விரட்டினாலும் வளைவுகளில் வண்டி இரண்டாவது கியரில் மெதுவாகத்தான் போகும் என்பதால் ரேடியேட்டர்மேல் படும் எதிர்க்காற்றும் குறைவு.

அப்படியானால் இன்ஜினைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்வதுதானே நல்லது? இல்லை. இன்ஜின் ஆயில் சூடாக இருந்தால்தான் சரியாக வேலை செய்யும்படி தயாரிக்கப்படுகிறது. 5டபிள்யூ-30 என்பதில் உள்ள 30, 100 டிகிரியில் அந்த ஆயில் எவ்வளவு நீர்த்திருக்கும் என்பதைச் சொல்லும் எண். 60 டிகிரியில் அதே ஆயில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கெட்டி. கெட்டியான ஆயிலைக் கலக்கிக்கொண்டு சுற்றுவதிலேயே பவர் போய்விடும். தண்ணீர்த் தொல்லை வேறு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போனாலும், கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும். ஆயில் 100 டிகிரியை எட்டினால்தான் அது ஆவியாகி வெளியேறும். எட்டாத வண்டியில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், உள்பக்கம் வெளிறிய பழுப்பு நிறத்தில் களிம்பு படிந்திருக்கும்.

மறுபக்கம், அளவுக்கு மீறிச் சூடானால் பெட்ரோல் இன்ஜினில் நாக்கிங் வரும். ஸ்பார்க் தீ வந்து சேரும் முன்பே, சிலிண்டரின் மூலையில் அமுங்கிக் கிடக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை தானாக வெடித்துவிடுகிறது. நாக் சென்சார் அதைக் கேட்டதும் ஈசியூ இக்னிஷனைத் தாமதப்படுத்தும், பிக்கப் விழும். டர்போ வண்டிகளில் இது இன்னும் சீக்கிரம் வரும். இன்னும் சூடேறினால் அலுமினிய ஹெட் வளைந்து, ஹெட் கேஸ்கட் போய், லேத் பட்டறையில்தான் போய் நிற்கும். ஆக, கீழேயும் ஒரு வரம்பு, மேலேயும் ஒரு வரம்பு. பெரும்பாலான கார்களில் கூலண்டுக்கு நடுவில் 85 முதல் 105 டிகிரி வரை இடமிருக்கிறது.

இனி தெர்மோஸ்டாட். உள்ளங்கையில் அடங்கும் ஒரு வால்வு. நடுவில் ஒரு பித்தளைக் கிண்ணம், அதற்குள் மெழுகு. சும்மா மெழுகு இல்லை, வெப்பம் சீக்கிரம் உள்ளே பரவ செம்புத் தூள் கலந்தது. மெழுகுக்கு நடுவே ஒரு ரப்பர் உறை, உறைக்குள் கூர்மையான ஓர் எஃகுக் கம்பி. கம்பியின் மேல்முனை சட்டத்தில் ஊன்றியிருக்கிறது, அசையாது. 1930-களில் செர்ஜியஸ் வெர்னே கண்டுபிடித்த அமைப்பு, இன்றும் அடிப்படை மாறவில்லை.

மெழுகு உருகும்போது அதன் பருமன் பத்து சதவீதத்துக்கும் மேல் கூடும். திடப்பொருளைச் சூடாக்கினால் விரியும் என்று படித்தோமே, அந்த விரிவு இதன் பக்கத்தில்கூட வராது. ஆனால் கிண்ணம் மூடியிருக்கிறது, விரிய இடமில்லை. உருகிய மெழுகு ரப்பர் உறையை நாலாபக்கமும் நெருக்க, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்திய புளியங்கொட்டை நழுவிப் பாய்வதுபோல் கம்பி வெளியே தள்ளப்படுகிறது. கம்பிதான் அசைய முடியாதே? அதனால் கிண்ணம் கீழே இறங்குகிறது. கூடவே வால்வுத் தட்டும் இறங்கி, ரேடியேட்டருக்குப் போகும் வழி திறக்கிறது. ஆறினால் மெழுகு உறையும், ஸ்பிரிங் எல்லாவற்றையும் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். மின்சாரம் கிடையாது, சென்சார் கிடையாது, ஒரு வரி மென்பொருள் கிடையாது.

எந்த வெப்பநிலையில் திறக்க வேண்டும் என்பதை மெழுகின் வேதியியலே முடிவு செய்கிறது. பாரஃபின் மூலக்கூறின் கார்பன் சங்கிலி நீளமாக நீளமாக உருகுநிலை ஏறும். நீளமும் குட்டையுமாகச் சங்கிலிகளைக் கலந்தால் 88-இல் திறக்கத் தொடங்கி நூற்றுச் சொச்சத்தில் முழுதாகத் திறக்கிற வால்வு கிடைக்கும். ஒரே நொடியில் படக்கென்று திறக்காமல் படிப்படியாகத் திறப்பதால்தான் கூலண்டின் சூடு ஏறி இறங்காமல் நிற்கிறது.

மெழுகுக்கு முன்பு எளிதில் ஆவியாகும் திரவம் அடைத்த உலோகத் துருத்தி இருந்தது. ஆவி அழுத்தத்தில் இயங்கும் பொருள் என்பதால் வெளி அழுத்தம் மாறினால் அது திறக்கும் வெப்பநிலையும் மாறிவிடும். அழுத்தமேற்றிய கூலிங் சிஸ்டம் வந்தபோது துருத்தி திணறிப்போனது. உருகிய மெழுகை யாரும் எளிதில் நசுக்க முடியாது. அது சேலத்திலும் 88-இல் திறக்கும், ஏற்காட்டிலும் 88-இல் திறக்கும். தண்ணீருக்கு அந்த ஒழுக்கம் இல்லை. ஏற்காட்டில் திறந்த பாத்திரத்தில் அது சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே கூட்டித் தரும் அழுத்தமும் கிளைக்கால் என்ற ரசாயனம் கலந்த கூலண்டும்தான் கொதிநிலையை 120-க்கு மேல் தள்ளி வைக்கின்றன. வெறும் குழாய்த்தண்ணீரும் தளர்ந்துபோன மூடியுமாக மலை ஏறுகிறவர்கள் வளைவுகளில் பானெட்டைத் தூக்கி நிறுத்தியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

சரி, 71 டிகிரி யோசனை. தெர்மோஸ்டாட் தீர்மானிப்பது இன்ஜின் எவ்வளவு சூட்டுக்குக் கீழே போகக்கூடாது என்பதை மட்டுமே. எவ்வளவு சூட்டுக்கு மேலே போகக்கூடாது என்பது அதன் கையில் இல்லை; ரேடியேட்டர், விசிறி, பம்பு, காற்று எல்லாம் சேர்ந்து முடிவு செய்வது. வாசகரின் வண்டி 105-ஐத் தொடும்போது வால்வு ஏற்கெனவே முழுதாகத் திறந்துதான் இருக்கும். 71-இல் திறந்த வால்வும் அப்போது அதே அளவுதான் திறந்திருக்கும். அடிவாரத்தில் கொஞ்சம் குளிர்ச்சியாகப் புறப்பட்டதால் சில நிமிடம் தாமதமாக அதே 105 வரும், அவ்வளவுதான். கீழே நகரத்துக்குள் ஓட்டும்போதோ, பல கார்களின் ஈசியூ இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும். பி0128 என்று எரர் கோடு விழுந்து செக் இன்ஜின் விளக்கும் எரியலாம்.

கழற்றிப் போடுவது இன்னும் மோசம். பல இன்ஜின்களில் அந்த வால்வின் அடியில் இரண்டாவது தட்டு ஒன்று உண்டு. மேல்வழி திறக்கும்போது அது பைபாஸை, அதாவது ரேடியேட்டருக்குப் போகாத குறுக்குவழியை, மூடும். மொத்தமாகக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். கொதிக்கிற கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்ப இன்ஜினுக்குள் வரும். குளிர வைக்கக் கழற்றிய வண்டி, ஏற்றத்தில் கூடுதலாகச் சூடாகும்! இறக்கத்தில் இதற்கு நேர்மாறு. கியரில் விட்டு இறங்கும்போது ஈசியூ பெட்ரோலை நிறுத்திவிடும், தடுக்க வால்வு இல்லாததால் இன்ஜின் சரசரவென்று ஆறிப்போகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஆயுத பூஜைக்குக் கிரில்லை மூடிப் போட்ட மாலையை வாடிய பிறகும் எடுக்காமல் மலை ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். மேலும் கீழும் எலுமிச்சையும் மிளகாயும் கட்டிய கறுப்புக் கயிறு வேறு. கண் திருஷ்டி வருமோ வராதோ, காற்று வராது. பூஜை முடிந்ததும் மாலையை எடுத்துவிடுங்கள். ஏ.சி. கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சேர்ந்த தூசி, பூச்சி, சருகையும் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். என்னைக் கேட்டால், மாவட்டத்துக்கு ஓர் அரசுப் பொறியியல் கல்லூரியிலாவது வண்டியை ஏற்றிச் சோதிக்கும் டைனமோமீட்டரை வைத்து, ஊர் மெக்கானிக்குகளுக்கும் திறந்துவிட வேண்டும். அரை மணி நேரம் எண்களைக் கண்ணால் பார்த்தால் 'கழட்டிப் போட்டுரலாம்' பேச்சு தானாகக் குறையும்.

வேகத்துக்குக் குளிர்ச்சிதான் நல்லது என்கிறவர்கள் ஃபார்முலா ஒன் கார்களைப் பார்க்க வேண்டும். அங்கே கூலண்டை அழுத்தமேற்றி 120 டிகிரி வாக்கில் ஓட்டுகிறார்கள். ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம் கூலண்டுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. சேலத்து 40 டிகிரி வெயிலில் கூலண்ட் 90 என்றால் வித்தியாசம் 50. 110 என்றால் 70. அதே ரேடியேட்டர் 40 சதவீதம் கூடுதல் வெப்பத்தை வெளியேற்றும். அதனால் சின்ன ரேடியேட்டர் போதும், காற்றுத் தடையும் குறையும். சில பிஎம்டபிள்யூ இன்ஜின்களில் மெழுகுக்குள்ளேயே ஒரு மின் ஹீட்டர் இருக்கிறது. நிதானமாக ஓட்டும்போது சிக்கனத்துக்காக 105, 110 வரை விடும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஹீட்டர் மெழுகை முன்கூட்டியே உருக்கிக் கூலண்டை இறக்கும், நாக்கிங் வராது.

வாசகருக்கு என் பரிந்துரை: கம்பெனி கொடுத்த தெர்மோஸ்டாட்டே இருக்கட்டும். ரேஸ் டிராக்கில் தொடர்ந்து ஓட்டுவதாக இருந்தால் மட்டும், ரீமேப் செய்தவரைக் கேட்டுவிட்டு 80-82-இல் திறப்பதைப் போடலாம். காசைப் பெரிய ரேடியேட்டரிலும் ஆயில் கூலரிலும் போடுங்கள். அந்த ஆயில் கூலரும் தெர்மோஸ்டாட் வைத்ததாக இருக்கட்டும். ஆயில் 100-லிருந்து 115-க்குள் நின்றால் கவலை இல்லை. டேஷ்போர்டில் கூலண்ட் சூட்டைக் காட்டும் முள்ளை நம்ப வேண்டாம். பல கார்களில் 80-லிருந்து 105 வரை அது நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். ஈசியூவில் உள்ள எண்களைப் படித்துக் காட்டும் ஓபிடி கருவியைச் செருகி உண்மை எண்ணைப் பாருங்கள். அதற்கும் முன், இருக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, அடியைத் தொடாமல் நூலில் கட்டி ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கி, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்துக் கவனியுங்கள். விளிம்பில் பொறித்த எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரி முன்பின்னாகத் திறக்கத் தொடங்கினால் அது நன்றாக இருக்கிறது, கோளாறு ரேடியேட்டர் பக்கம்தான்.