மீன் தீவனத்தில் ஆரஞ்சுத் தோலுக்கு என்ன வேலை?

ஜப்பானின் எஹிமே பகுதியில் 'புரி' என்ற கடல்மீனைக் கூண்டுகளில் வளர்க்கிறார்கள். அதன் தீவனத்தில் மிகான் ஆரஞ்சின் தோலைக் கலக்கும் வழக்கம் அங்கே உண்டு. ஓயிட்டா பகுதியில் கபோசு என்ற எலுமிச்சை வகை. ஆரஞ்சைச் சாறு பிழிந்தால் பழத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தோலும் சக்கையுமாக மிஞ்சும். அதைத் தள்ளிவிடத்தான் இந்த ஏற்பாடு என்று தோன்றலாம். மீனின் சதைக்குள் நடப்பதைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டோம்.

உடம்புக்கு நல்லது என்று நாம் தேடிச் சாப்பிடும் ஒமேகா-3 கொழுப்புதான் மீனில் முதலில் கெடுவதும். அந்த வகையைச் சேர்ந்த டிஎச்ஏ மூலக்கூறில் 22 கார்பன் அணுக்கள், 6 இரட்டைப் பிணைப்புகள். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட கார்பன், தன் ஹைட்ரஜனை எளிதில் இழந்துவிடும். இழந்த இடத்தில் ஆக்சிஜன் வந்து ஒட்டும். அப்புறம் அதுவே பக்கத்து மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கும். இப்படிச் சங்கிலியாகத் தொடர்ந்து, கொழுப்பு ஆல்டிஹைடுகள் என்ற சிறு மூலக்கூறுகளாக உடைகிறது. காறல் வாடை அதிலிருந்துதான் வருகிறது.

கூடவே நிறமும் போகும். புரி மீனின் கருஞ்சதையில் மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் அதிகம். அதிலுள்ள இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்ததும் சிவப்பு பழுப்பாகிவிடும். பச்சையாக உண்ணும் மீனுக்கு இது பெரிய அடி.

தோலில் உள்ள ஃப்ளேவனாய்டுகள் என்ற தாவரச் சேர்மங்கள் தங்கள் ஹைட்ரஜனைக் கொடுத்து இந்தச் சங்கிலியை அறுக்கக்கூடியவை. தாங்கள் இழந்த பிறகும் பிறரிடம் பறிக்காமல் அடங்கிவிடும். வைட்டமின் சி-யும் துணைக்கு இருக்கிறது. எலும்பு மீன்களில் பெரும்பாலானவற்றால் அதை உடலில் தயாரிக்க முடியாது, தீவனத்தில்தான் கிடைக்க வேண்டும். தோலின் எண்ணெயில் 90 சதவீதத்துக்கும் மேல் லிமோனீன் என்ற மணப்பொருள். இது கொழுப்பில் கரைவதால் சதையின் கொழுப்போடு தங்கிவிடுகிறது. மிகான் கலந்த தீவனம் தின்ற மீனில் கவிச்சி அடங்கி ஆரஞ்சு மணம் தெரிவது இதனால்தான்.

சரி, நிறையப் போட்டால் இன்னும் நல்லதா? இல்லை. தோலில் கசப்பு உண்டு, மீன் தீவனத்தை ஒதுக்கும். நார்ச்சத்தும் அதிகம், ஊனுண்ணி மீனுக்கு அது செரிக்காது, வளர்ச்சி குறையும். தீவனத்தைச் சூடாக்கி உருண்டையாக்கும்போது லிமோனீன் நீராவியோடு பறந்துவிடும். மருந்தடித்த பழமென்றால், தோலில் தங்கிய பூச்சிக்கொல்லி எச்சத்தையும் முதலில் சோதித்தாக வேண்டும்.

பிடித்த பிறகு பாக்டீரியாக்கள் உண்டாக்கும் டிரைமெத்தில் அமீன் நாற்றம் வேறு சங்கதி. அதற்குத் தோலை நம்பக் கூடாது. பிடித்த உடனே ஐஸில் போட வேண்டும்.