உற்பத்தித்திறன்: விமான நிறுவனம் எதை உற்பத்தி செய்கிறது?

ப்ரொடக்டிவிட்டி என்ற சொல்லைப் பாடப்புத்தகங்கள் உற்பத்தித்திறன் என்று தமிழில் தருகின்றன. தொழிற்சாலைக்கு அது சிக்கலில்லாமல் பொருந்தும். இத்தனை பேர் வேலை செய்தார்கள், இத்தனை சைக்கிள் வெளியே வந்தது, வகுத்தால் விடை. பயணிகள் விமான நிறுவனத்துக்கு அதே சொல்லைப் போட்டால்தான் இடிக்கிறது. அங்கே உற்பத்தியாவது என்ன?

மூலம் லத்தீன். 'ப்ரோ' என்றால் முன்னே, 'டூகெரே' என்றால் நடத்திச் செல்வது. முன்னே கொண்டுவருவது என்ற பொருள் நாளடைவில் விளைவிப்பது, ஆக்குவது என்று நகர்ந்தது. நம்முடைய 'உற்பத்தி' வடமொழியிலிருந்து வந்தது. தோன்றுதல், பிறத்தல் என்பது அதன் அடிப்பொருள். இரண்டிலுமே இல்லாத ஒன்றைப் பொருளியல் பின்னாளில் ஏற்றியது: விகிதம். மேலே வெளியீடு, கீழே உள்ளீடு. தமிழில் 'திறன்' என்று முடிவதால் இந்த விகிதம் கண்ணில் படுவதில்லை. ஊழியர் உற்பத்தித்திறன் கூடியது என்று படித்தால், ஊழியர்கள் கெட்டிக்காரர்களாகிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். நிறுவனம் பெரிய விமானம் வாங்கினாலே அந்த எண் கூடிவிடும்.

சரி, விமானத் துறையில் மேலே எதை வைப்பது? இரண்டு அளவுகள் புழக்கத்தில் உள்ளன. ஓர் இருக்கை ஒரு மைல் பறந்தால் ஓர் இருக்கை-மைல். யாரும் உட்காராவிட்டாலும் கணக்கில் சேரும். கட்டணம் கொடுத்த ஒரு பயணி ஒரு மைல் போனால் ஒரு பயணி-மைல். 150 இருக்கை கொண்ட விமானம் 1,000 மைல் பறந்தால் 1,50,000 இருக்கை-மைல். அதில் 90 பேர் இருந்தால் 90,000 பயணி-மைல். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 60 சதவீதம்; துறையில் லோட் ஃபேக்டர் என்பார்கள், தமிழில் இருக்கை நிரப்பு விகிதம் எனலாம். அடுத்த முறை அதே விமானத்தில் 120 பேர் ஏறினால் பயணி-மைல் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. விமானிகள், பணிப்பெண்கள், பறந்த தூரம் எதுவும் மாறவில்லை. எரிபொருள் கொஞ்சம்தான் கூடும். இருக்கை-மைலை வைத்து அளப்பவருக்கோ எதுவுமே நடக்கவில்லை.

அமெரிக்காவில் விமான நிறுவனங்கள் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு 1978-இல் நீங்கிய பிறகு நடந்ததில் பெரும்பகுதி, இப்படிக் காலி இருக்கைகள் நிரம்பியதுதான். 1938-இல் அமைந்த சிவில் ஏரோநாட்டிக்ஸ் வாரியம், எந்த நிறுவனம் எந்தத் தடத்தில் பறக்கலாம், எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்று தீர்மானித்துவந்தது. கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட வழியில்லை. ஆகவே நிறுவனங்கள் கூடுதல் விமானங்களை விட்டன, சாப்பாட்டில் போட்டியிட்டன. ஒரு நிறுவனம் விமானத்துக்குள் பியானோகூட வைத்தது. 1970-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய பாதி இருக்கைகள் காலியாகப் பறந்தன. ஒரு மாநிலத்தின் எல்லைக்குள்ளேயே பறப்பவர்கள் மீது வாரியத்துக்கு அதிகாரமில்லை. அப்படிப் பறந்த நிறுவனங்கள், கலிபோர்னியாவில் பி.எஸ்.ஏ.வும் டெக்சாஸில் சவுத்வெஸ்ட்டும், மிகக் குறைந்த கட்டணத்தில் பறந்து காட்டின. பொருளியல் பேராசிரியர் ஆல்ஃபிரெட் கான் வாரியத்தின் தலைவராக வந்து கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார். 1978 அக்டோபர் 24 அன்று அதிபர் கார்ட்டர் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1984 முடிவோடு வாரியமே மூடப்பட்டது. இதைத்தான் கட்டுப்பாடு நீக்கம் என்கிறோம். நீங்கியது கட்டணம், தடம், புது நிறுவனம் நுழைவது ஆகியவை மீதான கட்டுப்பாடு மட்டும். பாதுகாப்பு விதிகள் அப்படியே இருந்தன. 'ஒழுங்குமுறை நீக்கம்' என்று எழுதினால் அதுவும் போய்விட்டதுபோல் ஒலிக்கிறது. அதனால் எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை.

சலுகைக் கட்டணம் வந்தது, காலி இருக்கை நிரம்பியது, பயணி-மைல் ஏறியது. நிரப்பு விகிதம் சமீப காலத்தில் 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் பயணி-மைலும் முழுக்க நம்பத்தக்கதல்ல. கட்டுப்பாடு நீங்கியபின் பெரிய நிறுவனங்கள் ஒரு மைய நிலையத்துக்கு எல்லோரையும் கொண்டுவந்து அங்கிருந்து பிரித்து அனுப்பும் முறைக்கு வேகமாக மாறின. இரண்டு ஊர்களுக்கு நடுவே நேர்தூரம் 600 மைல் என்று வையுங்கள். மையம் வழியாக 450-உம் 450-உம் சேர்ந்து 900. பயணி போய்ச்சேர்ந்தது அதே ஊர்தான். கணக்கிலோ வெளியீடு ஒன்றரை மடங்கு! புறப்பட்ட ஊருக்கும் சேர்ந்த ஊருக்கும் இடையிலான நேர்தூரத்தை மட்டும் எண்ணினால் இந்த வீக்கம் வடிந்துவிடும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை டிக்கெட்டுகளில் ஒரு பகுதியை மாதிரியாகத் திரட்டுவதால் அப்படிக் கணக்கிடவும் முடியும். ஆனால் அதிலும் ஒரு நியாயம் விட்டுப்போகிறது: மையம் இருப்பதால்தான் சில சிற்றூர்களுக்கு ஒரு நாளில் பல விமானங்கள் கிடைக்கின்றன. அதற்கு எண்ணில் இடமில்லை. இணைப்பு விமானத்துக்குக் காத்திருந்த நேரத்துக்கும் இடமில்லை.

கீழே உள்ள எண்ணிலும் தொல்லை உண்டு. சரக்கேற்றுவதையும் பராமரிப்பையும் வெளி நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டால் ஊழியர் எண்ணிக்கை சட்டென்று குறையும், ஒரு தலைக்கான பயணி-மைல் ஏறும். வேலையைச் செய்யும் கைகள் வேறு கணக்கேட்டில் இருக்கின்றன, அவ்வளவுதான். இதனால்தான் பொருளியலாளர்கள் உழைப்பு, எரிபொருள், விமானம், வாங்கிய சேவை எல்லாவற்றையும் செலவில் அவற்றுக்குள்ள பங்குக்கு ஏற்பச் சேர்த்து, மொத்தக் காரணி உற்பத்தித்திறனைக் கணக்கிடுகிறார்கள். அப்புறமும் 1978-க்கு முன், பின் என்று கோடு போட்டுவிட முடியாது. 1979-இல் எரிபொருள் விலை எகிறியது. 1981-இல் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் 11,000-க்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். மூன்று பேர் ஓட்டிய விமானங்களுக்குப் பதில் இரண்டே விமானிகள் போதும் என்ற விமானங்கள் வந்தன. இவற்றில் எதையும் அந்தச் சட்டம் செய்யவில்லை.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ஆக்கத்திறன் என்றால் பலருக்குக் கற்பனை வளமே நினைவுக்கு வரும். விளைதிறன் அழகான சொல்தான். ஆனால் இலங்கைத் தமிழில் அது நினைத்த பயனைத் தருதல் என்ற வேறு பொருளில் நிலைத்துவிட்டது, சிக்கனமாகச் செய்து முடிப்பதற்கு அங்கே வினைத்திறன் என்பார்கள். ஆக உற்பத்தித்திறனே இருக்கட்டும். விமானத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் அதைத் தனியாக விடாமல் 'ஓர் ஊழியருக்கு இத்தனை பயணி-மைல்', 'ஒரு டாலர் செலவுக்கு இத்தனை இருக்கை-மைல்' என்று மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் சேர்த்தே எழுதிவிடலாம்.