ஆர்கானிக்: கேம்பிட்டின் சீட்டு வெடிக்கிறது, ஆள் ஏன் வெடிப்பதில்லை?

எக்ஸ்-மென் காமிக்ஸ் படிப்பவர்களிடம் அதன் நாயகர்களில் ஒருவனான கேம்பிட்டின் சக்தியைப் பற்றிக் கேட்டால் பலர் இப்படித்தான் சொல்வார்கள்: "தொட்டதையெல்லாம் வெடிக்க வைப்பான். ஆனால் ஆர்கானிக் பொருள் என்றால் முடியாது." சரிதானே என்று தோன்றும். அவன் கையில் இருப்பதைப் பார்த்தால்தான் இடிக்கிறது. அது சீட்டுக்கட்டு, அவன் எறிந்து வெடிக்க வைப்பது அதைத்தான். சீட்டு காகிதத்தால் ஆனது, காகிதம் மரக்கூழிலிருந்து வருகிறது, மரக்கூழில் பெரும்பகுதி செல்லுலோஸ். வேதியியல் ஆசிரியர் யாரைக் கேட்டாலும் செல்லுலோஸ் அசல் ஆர்கானிக் சேர்மம் என்பார். பிளாஸ்டிக் சீட்டு என்று சொல்லியும் தப்ப முடியாது, பிளாஸ்டிக்கும் அதே இனம்தான். அப்படியென்றால் விதி தப்பா, சொல் தப்பா?

விதியில் கோளாறு இல்லை, சொல்தான் வழுக்குகிறது.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். கேம்பிட்டின் இயற்பெயர் ரெமி லெபோ. நியூ ஆர்லியன்ஸ்காரன், திருடர் சங்கத்தில் வளர்ந்தவன். எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மாண்டும் ஓவியர் ஜிம் லீயும் உருவாக்கிய இந்தப் பாத்திரம் காமிக்ஸுக்குள் வந்தது 1990ல். ஒரு பொருளுக்குள் இருக்கும் நிலை ஆற்றலை அவன் இயக்க ஆற்றலாக மாற்றிவிடுகிறான் என்பது கதையில் சொல்லப்படும் விளக்கம். ஆற்றல் ஏறிய பொருள் இளஞ்சிவப்பாக ஒளிரும், எதிலாவது போய் மோதியதும் வெடிக்கும். சீட்டு போன்ற சின்னப் பொருளுக்கு ஒரு நொடி போதும். பெரிய பொருள் என்றால் நேரம் பிடிக்கும். பொதுவாகக் கையால் தொட்டாக வேண்டும்.

இயற்பியல் கணக்குப் போட்டால் இது நிற்காது. 2 கிராம் எடையுள்ள சீட்டை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறிந்தால் அதன் இயக்க ஆற்றல் 0.4 ஜூல்தான். ஒரு ஈயை விரட்டலாம். மிச்சத்தையெல்லாம் ஓவியரின் கை பார்த்துக்கொள்கிறது. அது இருக்கட்டும், நமக்கு வேண்டியது அந்த ஒரு சொல்.

ஆர்கானிக் என்பதன் மூலம் கிரேக்கத்தின் 'ஆர்கனான்'. கருவி என்று பொருள். வேலை என்று பொருள்படும் 'எர்கான்' என்ற சொல்லோடு அதற்கு இரத்த உறவு. (அதே 'எர்கான்' வழியாகத்தான் எனர்ஜி என்ற சொல்லும் வந்தது. கேம்பிட்டின் ஆற்றலும் அதன் தடையும் ஒரே வேரில் முளைத்தவை என்பது இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த இலவச இணைப்பு.) கண், கை, இதயம் எல்லாம் உடல் தன் வேலைக்கு வைத்திருக்கும் கருவிகள் என்ற பார்வையில் உடல் உறுப்புக்கும் அந்தப் பெயர் வந்தது. தேவாலயத்தில் வாசிக்கும் ஆர்கனும் அதே கருவிதான். உறுப்புகள் உடையது எதுவோ அது உயிருள்ளது. இப்படித்தான் 'ஆர்கானிக்' உயிரோடு ஒட்டிக்கொண்டது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் இந்தச் சொல்லை வேதியியலுக்குள் கொண்டுவந்தார். உயிரிகளிலிருந்து கிடைக்கும் பொருள்களெல்லாம் ஒரு பக்கம், மண்ணிலும் பாறையிலும் கிடைப்பவை மறுபக்கம். முதல் வகையை ஆய்வகத்தில் செய்ய முடியாது, அதற்கு உயிருக்குள் மட்டுமே இருக்கும் ஏதோ ஒரு சக்தி வேண்டும் என்பது அன்றைய பரவலான நம்பிக்கை. 1828ல் ஜெர்மானியர் ஃபிரெடரிக் வோலர் அம்மோனியம் சயனேட் தயாரிக்கப் போய், கையில் யூரியாவோடு நின்றார். யூரியா சிறுநீரில் இருக்கும் பொருள். மனிதனோ நாயோ, சிறுநீரகம் எதுவும் இல்லாமலே யூரியா செய்துவிட்டேன் என்று அவர் பெர்சீலியஸுக்கே கடிதம் எழுதினார். அந்த ஒரு சோதனையிலேயே பழைய நம்பிக்கை செத்துவிடவில்லை, ஆனால் அதற்கப்புறம் அது தேய்ந்துகொண்டே போனது. கடைசியில் உயிர் கழன்றுபோய், கார்பனை அடிப்படையாகக் கொண்ட சேர்மங்களின் வேதியியல் என்ற பொருள் மட்டும் மிஞ்சியது.

தமிழ்நாட்டுப் பாடநூல் இந்த இரண்டாவது பொருளைத்தான் பிடித்துக்கொண்டது. கரியிலிருந்து 'கரிமம்', அதிலிருந்து 'கரிம வேதியியல்'. எதிர்ப்பக்கம் 'கனிம வேதியியல்'. நல்ல சொல்லாக்கம். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது பெயரிலேயே இருக்கிறது, உயிர் என்ற குழப்பத்துக்கே இடமில்லை. ஆனால் கேம்பிட் விஷயத்தில் இதே தெளிவு நம்மைக் கவிழ்க்கும். 'கேம்பிட்டால் கரிமப் பொருள்களை வெடிக்க வைக்க முடியாது' என்று எழுதினால் அவன் சீட்டுக்கட்டை அப்போதே பிடுங்கிவிட்டோம் என்று அர்த்தம்.

அப்புறம் கடைத்தெரு ஆர்கானிக். அது மூன்றாவது பொருள். 1940ல் இங்கிலாந்தில் நார்த்போர்ன் பிரபு ஒரு பண்ணை முழுவதையும் ஒரே உயிரியாகப் பார்க்க வேண்டும் என்று எழுதினார். ஆர்கானிக் விவசாயம் என்ற பெயர் அங்கிருந்துதான் பரவியது. நாம் அதை 'இயற்கை வேளாண்மை' என்கிறோம். இங்கே வேடிக்கை என்னவென்றால், வேதியியல்படி யூரியா பக்கா ஆர்கானிக் சேர்மம். ஆனால் வயலில் யூரியா மூட்டையைப் பிரித்தால் அந்த விளைச்சலை ஆர்கானிக் என்று விற்க முடியாது. டிடிடி என்ற பூச்சிக்கொல்லியும் ஆர்கானிக் சேர்மம்தான். கடைப் பலகையைப் பார்த்து வேதியியல் பட்டதாரிகள் சிரிப்பதற்கு இதுதான் காரணம்.

இலங்கைத் தமிழர் வேறு வழியில் போனார்கள். அங்கே 'சேதன இரசாயனம்', 'அசேதன இரசாயனம்'. சேதனம் வடமொழிச் சொல், உணர்வுள்ளது, அறிவுள்ளது என்று பொருள். உயிரோடு ஒட்டியிருந்த பழைய பொருளை இந்தச் சொல் காப்பாற்றி வைத்திருக்கிறது. தொழுஉரத்தையும் அங்கே 'சேதனப் பசளை' என்பார்கள். மக்கிய சாணத்துக்கு என்ன உணர்வு என்று கேட்கக் கூடாது, கலைச்சொல் அப்படித்தான். ஆனாலும் கேம்பிட்டின் தடைக்கு மிக அருகில் வருவது 'சேதனம்'தான். தமிழ்நாட்டு வாசகருக்குப் பழக்கமில்லாத சொல் என்பது ஒன்றே குறை.

சரி, தமிழில் எதை எழுதுவது? சிலருக்கு 'அஃறிணை' நினைவுக்கு வரலாம். 'அஃறிணைப் பொருள்களை வெடிக்க வைப்பவன்' என்று எழுதினால் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் தொல்காப்பியர் திணையைப் பிரித்தது உயிரை வைத்து அல்ல, மக்களா மற்றவையா என்பதை வைத்து. மாடும் அஃறிணை, மாட்டைக் கட்டியிருக்கும் முளைக்குச்சியும் அஃறிணை. கேம்பிட்டால் முளைக்குச்சியைத்தான் வெடிக்க வைக்க முடியும். மாடு தப்பித்துவிடும்.

எந்தச் சொல்லையும் இப்படிச் சோதித்துப் பார்க்கலாம். மேசையில் சீட்டு, ஒரு செத்த எலி, இப்போதுதான் பறித்த வாழையிலை என்று மூன்றை வையுங்கள். 'கரிமம்' என்ற விதிப்படி மூன்றையும் அவன் தொட்டுப் பயனில்லை. 'உயிருள்ளது' என்ற விதிப்படி சீட்டும் எலியும் வெடிக்கும். வாழையிலைதான் சிக்கல். பறித்த இலையின் செல்கள் உடனே சாவதில்லை. என் கணக்கில் காலையில் பறித்த இலை அவனுக்கு ஆகாது, நன்றாகக் காய்ந்து சருகானால் ஆகும். காமிக்ஸ் எழுதுபவர்கள் இவ்வளவு தூரம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: நாயகன் ஒருவன் தோளைத் தொட்டதும் அந்த ஆள் சிதறக் கூடாது. அப்படி நடந்தால் அவன் நாயகன் இல்லை, கதையும் நாலு பக்கத்தில் முடிந்துவிடும். அதனால்தான் எதிரிகளின் துப்பாக்கியும், காலடித் தரையும், சட்டைப் பொத்தானும் கதையில் பாவப்பட்ட பொருள்களாகின்றன.

2018ல் அவன் மணந்த ரோக் என்ற எக்ஸ்-மென் நாயகியின் கதை இதற்கு நேர் எதிர். அவள் தோல் பட்டால் உயிருள்ளவர்களுக்குத்தான் ஆபத்து, அவர்களின் சக்தியையும் நினைவுகளையும் உறிஞ்சிவிடுவாள். மேசை நாற்காலியைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. இருவருக்கும் கோடு ஒரே இடத்தில், ஆளுக்கொரு பக்கம்.

அந்தக் கோட்டை ஒருமுறை அழித்தும் பார்த்திருக்கிறார்கள். 1999ல் தொடங்கிய கேம்பிட்டின் தனித் தொடரில், இளம் வயதில் அவன் சக்தி கட்டுக்கடங்காமல் போனதால் சினிஸ்டர் என்ற விஞ்ஞானி அவன் மூளையிலிருந்து ஒரு பகுதியை வெட்டி எடுத்தான் என்று தெரியவருகிறது. நாம் இதுவரை பார்த்தது குறைக்கப்பட்ட சக்திதான். முழுச் சக்தி திரும்பியதும் தொடவே தேவையில்லாமல் போகிறது, உயிருள்ளவையும் தப்பவில்லை. அதே தொடரின் வில்லன் நியூ சன், வேறோர் உலகத்தின் கேம்பிட். சக்தி கைமீறித் தன் உலகத்தையே எரித்துவிட்டவன். ஆசிரியர்கள் ஏன் தடையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் கேம்பிட் அந்தக் கூடுதல் சக்தியை இழந்து பழைய அளவுக்கே வந்துவிடுகிறான்.

ஆகவே கேம்பிட்டைப் பற்றி எழுதும்போது என் பரிந்துரை 'சடப்பொருள்', அல்லது இன்னும் எளிதாக 'உயிரற்ற பொருள்'. கரிமம் வேதியியல் வகுப்புக்கு, இயற்கை காய்கறிக் கடைக்கு. 'சடப்பொருளை மட்டும் ஆற்றலேற்றி வெடிக்க வைப்பவன்' என்று எழுதினால் சீட்டும் அவன் கையிலேயே இருக்கும். 1999 தொடரின் நடுப்பகுதியைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் 'சடப்பொருளையும் உயிரையும்' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.