டிரான்ஸ்போர்ட்: போக்குவரத்து

"கிளினிக் இருக்கு, டிரான்ஸ்போர்ட்தான் இல்லை." மீள்குடியேறிய ஊர்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. இலங்கையின் வடக்கே வன்னியில் இந்தச் சொல்லுக்குள் வண்டி, வண்டிக்காசு, வண்டி வரும் நேரம் எல்லாமே அடக்கம்.

வேர் லத்தீன். 'டிரான்ஸ்' என்றால் அப்பால், 'போர்த்தாரே' என்றால் சுமத்தல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சுமப்பது மூட்டையா மனிதரா என்று இந்தச் சொல் பார்ப்பதில்லை. கைதிகளைக் கப்பலேற்றி அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பியதற்கும் ஆங்கிலேயர் இதையொட்டித்தான் பெயர் வைத்தார்கள். அப்படியே தமிழாக்கினால் 'கடத்தல்' என்று வரும். ஆட்களைப் பற்றி அந்தச் சொல்லை இங்கே சொல்லிப் பாருங்கள், கேட்பவர் முகம் மாறிவிடும்.

நம்மிடம் உள்ளது போக்குவரத்து. போ என்பதிலிருந்து போக்கு, வா என்பதிலிருந்து வரத்து. குளத்துக்கு நீர்வரத்து என்கிறோமே, அதே வரத்துதான். 'போக்கும் வரவும்' என்ற சேர்க்கை சிவபுராணத்திலேயே உண்டு. 1958இல் பஸ்கள் அரசுடைமையானபோது உருவான போக்குவரத்துச் சபையால், இந்தச் சொல் பஸ்ஸிலும் ஏறி ஊரெல்லாம் சுற்றியது.

போரில் வீடிழந்தவர்களுக்கு முதலில் போக்கே இருக்கவில்லை. செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் இருந்தவர்களுக்கு 2009 டிசம்பரில்தான் வெளியே போய்வர அனுமதி கிடைத்தது. 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் திரும்ப ஓடியது. சரி, ஆனால் தண்டவாளமும் ஏ-9 வீதியும் வடக்குத் தெற்காகத்தான் போகின்றன. உள்ளே காட்டோரம் குடியேறியவருக்கு வரத்துதான் சிக்கல். காலை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். நம்பர் வந்து, மருந்தெடுத்து, கிளினிக் கொப்பியை ஷொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு சந்திக்கு வரும்போது ஊர்ப்பக்கம் போகிற பஸ் போயிருக்கும். பிறகென்ன, ஓட்டோதான். பஸ் காசை மட்டும் முடிந்துகொண்டு வந்தவர் அதற்கு எங்கே போவார்?

அறிக்கைகளில் 'போக்குவரத்துக்கான அணுகல்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. 'போய்வர வசதி' என்றாலே போதும். பஸ் கேட்டு மனு எழுதும்போது காலையில் புறப்படும் நேரத்தோடு, பின்னேரம் திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள்.