‘கிளாசிக்ஸ்’ படித்தவர் என்ன படித்தார்?

பிரிட்டனின் முன்னாள் பிரதமர் போரிஸ் ஜான்சன் ஆக்ஸ்போர்டில் ‘கிளாசிக்ஸ்’ படித்தவர். இதைத் தமிழில் எழுத வரும்போது “பழம்பெரும் இலக்கியம் பயின்றார்” என்றோ “செம்மொழி படித்தார்” என்றோ எழுதிவிடத் தோன்றும். இரண்டுமே வாசகரை வழிமாற்றி விட்டுவிடும். முதலாவதைப் படிப்பவர் ஷேக்ஸ்பியரை நினைப்பார். இரண்டாவதைப் படிப்பவர் தமிழையோ சமஸ்கிருதத்தையோ நினைப்பார்.

ஆங்கிலப் பல்கலைக்கழக வழக்கில் கிளாசிக்ஸ் என்பது பண்டைய கிரேக்க, ரோமானிய உலகைப் பற்றிய படிப்பு. கிரேக்கமும் லத்தீனும்தான் அதன் முதுகெலும்பு. அவற்றோடு அந்த உலகின் வரலாறு, தத்துவம், கலை, தொல்லியல் எல்லாம் சேரும். ஆக்ஸ்போர்டில் இது நான்கு ஆண்டு இளங்கலை. அங்கே இதற்கு ‘லிட்டரே ஹுமானியோரெஸ்’ என்ற லத்தீன் பெயர் இன்றும் உண்டு. கேம்பிரிட்ஜில் 1822-ல் இதற்கெனத் தனித் தேர்வை ஏற்படுத்தினார்கள். ஒரு காலத்தில் எந்தப் பாடம் படிக்கப் போனாலும் கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கட்டாயத்தைக் கேம்பிரிட்ஜ் 1919-லும் ஆக்ஸ்போர்டு 1920-லும் கைவிட்டன. இன்று பள்ளியில் இந்த மொழிகளைத் தொடாதவர்களும் கல்லூரியில் எழுத்திலிருந்து தொடங்கலாம்.

அப்படித் தொடங்கும் மாணவர் சீக்கிரமே சந்திக்கும் வரி ஒன்று, ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் ‘ஈனிட்’ என்ற லத்தீன் காப்பியத்தின் தொடக்கம்: “அர்மா விரும்க்வே கானோ”. படைக்கலங்களையும் வீரனையும் பாடுகிறேன் என்று பொருள். ‘விரும்’ என்பதன் கடைசி ‘ம்’ நம் இரண்டாம் வேற்றுமை ‘ஐ’ செய்யும் வேலையைச் செய்கிறது. அதன் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘க்வே’ நம் ‘உம்’ போல. வினை கடைசியில் வருகிறது. ‘கானோ’வின் ஈற்று ‘ஓ’விலேயே ‘நான்’ அடங்கிவிட்டது, ‘பாடுகிறேன்’ என்பதில் ‘ஏன்’ அடங்கியிருப்பது போலவே. தமிழ் இலக்கணம் படித்த பிள்ளைக்கு இந்த வரியைச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு எளிது! நம் பிள்ளைகளில் இன்னும் பலர் இந்தப் படிப்பை எட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இனி சொல்லின் வேர். லத்தீனில் ‘கிளாசிஸ்’ என்றால் வகுப்பு, பிரிவு; கப்பற்படைக்கும் அதுவே பெயர். ரோமின் ஆறாவது அரசர் செர்வியுஸ் துல்லியுஸ் குடிமக்களைச் சொத்து மதிப்பை வைத்து ஐந்து பிரிவுகளாக வகுத்தார் என்பது ரோமானிய மரபு. இவற்றில் முதல் பிரிவில் இருந்தவர்களைத்தான் ‘கிளாசிகுஸ்’ என்றார்கள். மற்றவர்கள் ‘வகுப்புக்குக் கீழே’ இருந்தவர்கள். ஆக, இந்தச் சொல் பிறந்த இடம் சொத்துக் கணக்கு. பள்ளிக்கூடத்து ‘கிளாஸ்’ கூட இதே வேர்தான்.

அங்கிருந்து இலக்கியத்துக்கு எப்படி வந்தது? கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் ஔலுஸ் கெல்லியுஸ் எழுதிவைத்த ஓர் உரையாடலில் அதற்கு விடை கிடைக்கிறது. பேரரசர் மார்க்கஸ் அவ்ரேலியஸுக்கு ஆசிரியராக இருந்த ஃப்ரோண்டோவின் வீட்டில் ஒரு விவாதம். ‘மணல்’ என்ற சொல்லைப் பன்மையில் சொல்லலாமா, நாற்குதிரைத் தேரைக் குறிக்கும் சொல்லை ஒருமையில் சொல்லலாமா? ஃப்ரோண்டோ கடைசியில் சொல்கிறார்: பழைய பேச்சாளர்களிலோ கவிஞர்களிலோ யாராவது அப்படிச் சொல்லியிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள், அவர் ‘கிளாசிகுஸ்’, அதாவது முதல் வகுப்பைச் சேர்ந்த எழுத்தாளராக இருக்க வேண்டும், ‘புரோலிதாரியுஸ்’ ஆக இருக்கக் கூடாது. புரோலிதாரியுஸ் என்றால் பிள்ளைகளைத் தவிர வேறு சொத்து இல்லாத ஏழை. வரிப் பட்டியலின் சொல் இப்படித்தான் எழுத்தாளர் மேல் ஏறியது.

அந்த மேட்டிமை பின்னாலும் போகவில்லை. 1855-ல் இந்திய சிவில் சர்வீஸுக்குப் போட்டித் தேர்வு தொடங்கியபோது கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் தலா 750 மதிப்பெண். சமஸ்கிருதத்துக்கும் அரபுக்கும் தலா 375. அடைமொழி இல்லாமல் ‘கிளாசிக்ஸ்’ என்றாலே கிரேக்கமும் லத்தீனும்தான் என்று ஆனதும் இந்த மனநிலையில்தான். அதை அப்படியே நாமும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

அப்புறம் தமிழ்ச் சொல். ‘சாஸ்திரிய’ என்பது சங்கீதத்தோடு நிற்கட்டும்; சாஸ்திரம் இங்கே பேச்சே இல்லை. ‘செம்மொழி’ நல்ல சொல். ஆனால் அது மொழிக்குப் பெயர், படிப்புக்கு அல்ல. அதோடு 2004 அக்டோபரில் தமிழைச் செம்மொழி என்று இந்திய அரசு அறிவித்த பிறகு அது அரசுப் பட்டியல் ஒன்றின் பெயராகவும் ஆகிவிட்டது. மிஞ்சுவது ‘செவ்வியல்’. இதன் வேர் செம்மை: நேர்மை, திருத்தம். வளையாத கோல் செங்கோல், வளைந்தது கொடுங்கோல். தொல்காப்பியமே ‘செந்தமிழ் நிலம்’ என்கிறது. சொத்தை வைத்துப் பிறந்த லத்தீன் சொல்லுக்கு எதிரே நேர்மையை வைத்துப் பிறந்த தமிழ்ச் சொல் நிற்கிறது. எனக்கு நம் சொல்தான் உயர்வாகப் படுகிறது.

எனவே “கிரேக்க லத்தீன் செவ்வியல் படித்தார்” என்று எழுதுங்கள். மொழிகளின் பெயரைச் சேர்த்தே எழுதுங்கள். அப்போதுதான் தமிழ்ச் செவ்வியல், சமஸ்கிருதச் செவ்வியல், சீனச் செவ்வியல் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் இடம் இருக்கும்.

படிப்புக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஃப்ரோண்டோ சொன்ன ‘கிளாசிகுஸ்’ எழுத்தாளருக்கு? அதற்கு நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது: சான்றோர். சங்கப் பாடல்களை நம் உரையாசிரியர்கள் ‘சான்றோர் செய்யுள்’ என்றார்கள். ஒரு சொல்லாட்சி சரியா என்ற கேள்வி வந்தால் அவர்களும் அங்கேதான் போய்ச் சான்று தேடினார்கள். கம்பர் கோதாவரியைப் பார்த்துச் “சான்றோர் கவி எனக் கிடந்த” ஆறு என்கிறாரே, அதே சான்றோர்தான். இன்று அந்தச் சொல் ‘பெரிய மனிதர்’ என்ற பொருளில் தேய்ந்துவிட்டதால் தனியே நிறுத்தினால் குழப்பும். ‘லத்தீன் சான்றோர் வர்ஜில்’, ‘கிரேக்கச் சான்றோர் செய்யுள்’ என்று சேர்த்து எழுதினால் பொருள் தெளிவாக நிற்கும்.